ஒரே வாரத்தில் ஆரம்பித்த இரண்டு மாத்திரைகள்: பலன் எதனுடையது?

பேரேடு எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 52. கணக்கு எழுதுவது தொழில். அதனாலோ என்னவோ, உடம்புக்கு வந்ததையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இப்போது முழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. விமானம் இறங்கும்போது அடைக்குமே, அந்த மாதிரி. கூடவே ஓர் இரைச்சல். விசில் சத்தம் இல்லை, தூரத்தில் ஒரு லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்பதுபோல அடித்தொண்டைச் சத்தம். அதற்குப் பத்து நாள் கழித்து முதல் தலைசுற்றல் வந்தது. வெறும் கிறுகிறுப்பு என்று நினைக்காதீர்கள். அறையே பம்பரம் மாதிரி சுற்றியது. தரையில் உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

மாதவாரியாக என் நோட்டில் உள்ளது இது: முதல் மாதம் 1, அடுத்து 0, 2, 1, 3, 5. அந்த ஐந்து வந்த மாதம் பயந்துபோய் இ.என்.டி. மருத்துவரிடம் போனேன். ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை) எடுத்தார்கள். இடது காதில் கீழ்ச்சுருதிச் சத்தங்கள் 40 டெசிபல் அளவுக்கு உரக்க இருந்தால்தான் கேட்டன. "மெனியர் நோயாக இருக்கலாம்" (உள்காதில் நீர் சேர்ந்து தலைசுற்றலும் இரைச்சலும் வருவது) என்று சொல்லி பீட்டாஹிஸ்டின் 24 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறைக்கவும் சொன்னார். அது செவ்வாய்க்கிழமை.

அதே வாரம் வெள்ளிக்கிழமை, சோர்வாக இருக்கிறது என்று பொதுமருத்துவரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். (தைராய்டு குறைவாகச் சுரந்தால் ஏறும், அதிகமானால் இறங்கும் எண்) 6.8, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சரியான அளவில். லிவோதைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரை 25 மைக்ரோகிராம் ஆரம்பித்தார். மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது டி.எஸ்.எச். 4.1.

மருந்து ஆரம்பித்ததற்குப் பிறகான ஆறு மாதம்: 2, 1, 1, 0, 2, 1. குறைந்திருக்கிறது. சோர்வும் பரவாயில்லை. (ஆண்டுக் கணக்கு முடிக்கிற வேலை தீர்ந்ததும் அந்த மாதம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இப்போது ஆளாளுக்கு ஒரு வெற்றிக்கொடி. இ.என்.டி. மருத்துவர் பீட்டாஹிஸ்டின் என்கிறார். பொதுமருத்துவர், தைராய்டு சரியானால் காதும் சரியாகும் என்கிறார். என் நாத்தனார் உப்பு என்கிறாள். ஒரே தேதியில் மூன்று வரவு எழுதிவிட்டால் எது யார் கொடுத்த பணம் என்று பின்னால் பிரிக்க முடியாது. என் நிலை அதுதான்.

என் கேள்விகள்: எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டா? இரண்டையும் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? இனியும் வந்தால் செவிப்பறை வழியாக ஊசி போடலாம் என்றார், அதை எப்படி எடைபோடுவது? கடைசியாக, அயோடின் சொட்டு எடுத்தால் காது, கழுத்து இரண்டுக்கும் நல்லது என்று ஒருவர் தினமும் செய்தி அனுப்புகிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

---

ஒலியறை எழுதியது:

நான் மருத்துவர் இல்லை, செவித்திறன் பரிசோதிக்கிற ஆள். 19 வருடமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து "சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனவே எந்த மருந்தையும் நிறுத்து, கூட்டு என்று சொல்ல மாட்டேன். உங்கள் நோட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது ரொம்ப அருமையான நோட்டு அக்கா.

1, 0, 2, 1, 3, 5. அந்த ஐந்துக்குப் பிறகுதான் நீங்கள் மருத்துவரிடம் போனீர்கள். ஒன்று வந்த மாதம் ஏன் போகவில்லை? யாரும் போவதில்லை. என் அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தாங்க முடியாமல் போன வாரத்தில் வருகிறவர்கள்தான். கூடிக் குறைகிற நோயில் உச்சிக்கு அடுத்தது பெரும்பாலும் இறக்கம். அந்த இறக்கம் தொடங்கும்போது வாயில் எந்த மாத்திரை இருக்கிறதோ, அது பெயர் வாங்கிக்கொள்ளும்.

நீங்களே கணக்குப் போடுங்கள். ஐந்து வந்த மாதத்தைத் தள்ளிவிட்டால், அதற்கு முந்தைய ஐந்து மாதத்தில் மொத்தம் 7. மாதத்துக்கு 1.4. மருந்துக்குப் பிறகான ஆறு மாதத்திலும் 7. மாதத்துக்கு 1.17. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம், ஒரு மாதம் முன்னே பின்னே ஆரம்பித்திருந்தால் காணாமல் போயிருக்கும். ஆக, மருந்து வேலை செய்யவில்லை என்று உங்கள் நோட்டு சொல்லவில்லை. செய்தது என்றும் சொல்லவில்லை. இவ்வளவு குறைவான எண்ணிக்கையை வைத்து எந்த நோட்டாலும் சொல்ல முடியாது.

அப்படியானால் அடுத்தவர்கள் நோட்டைக் கடன் வாங்க வேண்டியதுதான். பீட்டாஹிஸ்டினுக்கு அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. ஜெர்மனியில் 14 மையங்களில் மெனியர் உள்ள 221 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நீங்கள் சாப்பிடுகிற அதே அளவு, ஒரு நாளுக்கு 48 மில்லிகிராம். இன்னொன்றுக்கு அதைப்போல மூன்று மடங்கு, 144. மூன்றாவது கூட்டத்துக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஒன்பது மாதம். எல்லாரும் உங்களைப் போலவே தலைசுற்றல் வந்த நாளைக் குறித்தார்கள். முடிவு 2016-இல் வெளிவந்தது. மூன்று கூட்டத்திலும் தலைசுற்றல் குறைந்தது. மூன்றிலும் ஒரே மாதிரி குறைந்தது.

அந்த மூன்றாவது கூட்டத்தில் இருந்த ஒருவர் இங்கே வந்து எழுதினால் என்ன எழுதுவார்? "மாத்திரை போட்டேன், குறைந்தது" என்றுதான். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே குறைந்தது.

இதனால் உங்கள் மருத்துவர் தப்புச் செய்துவிட்டார் என்று ஆகாது. பெரிய தொந்தரவு கொடுக்காத மருந்து, பல நாடுகளில் இன்றும் எழுதுகிறார்கள். மெனியரில் வேறு எளிய வழியும் அதிகம் கிடையாது. ஆனால் "இதனால்தான் குறைந்தது" என்று அடித்துச் சொல்ல அவர் கையிலும் சீட்டு இல்லை.

அறுவை சிகிச்சையிலும் இதே கதை நடந்தது. உள்காதில் சேரும் நீரை வடிக்க ஒரு பையைத் திறந்துவிடுவார்கள். டென்மார்க்கில் 30 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு அதைச் செய்தார்கள், மீதிப் பேருக்குக் காதுக்குப் பின்னால் எலும்பை மட்டும் குடைந்து, பையைத் தொடாமல் மூடிவிட்டார்கள். 1981-இல் வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் தேறினார்கள். அந்தக் கணக்கைப் பின்னால் வேறு சிலர் எடுத்துத் திருப்பிப் போட்டு வாதாடினார்கள், அது வேறு சண்டை. என்னைப் பாதித்தது ஒன்றுதான்: எலும்பைக் குடைந்தது மட்டுமே நடந்தவர்களும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஊசிக்கு வருகிறேன். செவிப்பறை வழியாகப் போடுவதில் இரண்டு வகை. ஜென்டாமைசின் என்றால் அது சமநிலை உறுப்பையே வேண்டுமென்று மழுங்கடிப்பது. தலைசுற்றலை நிறுத்துவதில் கெட்டிக்காரன், ஆனால் கேட்கும் திறனையும் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம். ஸ்டீராய்டு அப்படி அழிப்பதில்லை. இரண்டையும் 60 பேரிடம் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வும் 2016-இல்தான் வந்தது. இரண்டிலும் தலைசுற்றல் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. அவ்வளவு பெரிய குறைவு. ஆனால் அதில் வெற்று ஊசி போட்ட கூட்டம் கிடையாது. ஒன்று மற்றதைவிட மோசமில்லை என்று மட்டுமே அதை வைத்துச் சொல்லலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் மருத்துவரிடம் முதலில் கேட்பது "எந்த ஊசி?" என்பதுதான். மாதம் ஒன்று வருகிற நிலையில் ஜென்டாமைசின் பற்றிப் பேச்சு எடுத்தால், "இப்போது என்ன அவசரம்?" என்று இரண்டாவதாகக் கேட்பேன்.

இன்னும் இரண்டு விஷயம். ஆடியோகிராமில் 40 இருந்தது 35 ஆனதும் முன்னேற்றம் என்று யாராவது கைகுலுக்கினால் நம்பாதீர்கள். ஒரே ஆளைக் காலையிலும் மாலையிலும் என் அறையில் உட்காரவைத்தாலே ஐந்து டெசிபல் இப்படியும் அப்படியும் போகும். போன வாரம் ஒருவர் 10 டெசிபல் "தேறினார்". ஹெட்போனைச் சரியாக மாட்டினோம், அவ்வளவுதான்.

மற்றது, நீங்கள் எழுதாத ஒன்று. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் சுற்றியது? மெனியர் என்று சொல்ல ஒரு சுற்று 20 நிமிடத்துக்குக் குறையாமல் 12 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். படுக்கையில் புரண்டவுடன் அரை நிமிடம் சுற்றி நிற்பது வேறு நோய், வேறு வைத்தியம். நோட்டில் நேரம் இருக்கிறதா?

ஒன்றை மட்டும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காது ஒரே நாளில், அல்லது இரண்டு மூன்று நாளுக்குள், திடீரென்று கேட்காமல் போனால் நோட்டை மூடிவிட்டு அன்றைக்கே போங்கள். அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தானாகவே தேறுகிறவர்கள் உண்டு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று இன்னும் வாதம் ஓடுகிறது. ஆனால் பலன் ஏதாவது இருந்தால் அது முதல் இரண்டு வாரத்துக்குள்தான். பொறுத்திருந்து பார்க்கிற நேரமில்லை அது.

---

கழுத்துக்காரன் எழுதியது:

மேடம், உங்களுக்காவது இரண்டு மாத்திரை. எனக்கு ஐந்து பேர் உரிமை கொண்டாடினார்கள்.

எனக்கு வலது காதில் வலி. ஒரு சளிக்காய்ச்சல் போய் மூன்று வாரம் கழித்து ஆரம்பித்தது. முதல் மருத்துவர் காதில் விளக்கு அடித்துப் பார்த்து ஒன்றும் இல்லை, ஆனாலும் சொட்டு போடுங்கள் என்றார். இரண்டாமவர் ஆன்டிபயாட்டிக். மூன்றாமவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார். பல் பிழைத்தது, ஏனென்றால் அதற்குள் வலி இடது காதுக்கு நகர்ந்துவிட்டது! பல் நகராது என்பது எனக்கே தெரியும்.

நாலாவதாகப் போன இடத்தில்தான் ஒருவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கத்திவிட்டேன். தைராய்டு கல்லு மாதிரி இருந்தது. நாடி 110, ஈ.எஸ்.ஆர். (அழற்சி இருந்தால் ஏறும் ரத்த எண்) 78, டி.எஸ்.எச். அளக்க முடியாத அளவுக்குக் கீழே. வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால் வருகிற தைராய்டு அழற்சி. வலி தாடைக்கும் காதுக்கும் ஏறும், காதைத் திறந்து பார்த்தால் சுத்தமாக இருக்கும்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. டி.எஸ்.எச். குறைவு என்ற சீட்டை மட்டும் பார்த்து ஒருவர் கார்பிமசோல் எழுதிவிட்டார். தைராய்டு புதிதாக ஹார்மோன் தயாரிப்பதை நிறுத்துகிற மாத்திரை அது. என் கேஸில் தயாரிப்பே நடக்கவில்லை. உடைந்த பானையிலிருந்து ஏற்கெனவே இருந்தது ஒழுகிக்கொண்டிருந்தது. ஸ்கேனில் தைராய்டு அயோடினை ஏறக்குறைய எடுக்கவே இல்லை என்று தெரிந்ததும் அதை நிறுத்தினார்கள். (அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது படித்தால்: காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை, மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில்தான் படித்தேன்.)

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஆறு வாரமாகத் தூங்கவிடாத வலி இரண்டாம் நாள் காலை இல்லை. இல்லவே இல்லை. அப்புறம் மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். எதிர்ப்பக்கம் ஓடி 14 ஆனது. பயந்து தைராய்டு மாத்திரை கேட்டேன். எனக்குத் தொந்தரவு அதிகம் இல்லாததால், காத்திருக்கலாம் என்றார் மருத்துவர். ஆண்டு முடிவதற்குள் தானாக 2.6-க்கு வந்து நின்றது. அப்போது மாத்திரை ஆரம்பித்திருந்தால் இன்றைக்கும் அதைச் சாப்பிட்டுக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

என் சொந்த அபிப்பிராயம்: இரண்டே நாளில் வலி போனதே, அதை நம்புகிறேன். எட்டு மாதத்தில் தைராய்டு சரியானதற்கு மட்டும் யார் பெயரையும் எழுதவில்லை. பக்கத்து வீட்டு மாமா இன்னமும் தான் கொடுத்த கஷாயம் என்கிறார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காது எனக்குத் தெரியாது. 6.8, 4.1 இரண்டைப் பற்றியும் நாலு கேள்வி.

முதல் தடவை எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள், இரண்டாம் தடவை எத்தனை மணிக்கு? டி.எஸ்.எச். இரவில் ஏறும், மதியத்துக்கு மேல் இறங்கும். காலை ஏழு மணி எண்ணையும் மாலை நாலு மணி எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது.

மூன்று வாரத்தில் ஏன் பார்த்தார்கள்? லிவோதைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அளவு நிலைபெற ஆறு வாரம். அதற்கு முன்னால் எடுக்கிற எண் பாதி வழியில் எடுத்த படம்.

மாத்திரை ஆரம்பிக்கும் முன் 6.8-ஐ இன்னொரு முறை பார்த்தார்களா? டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தால் இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி பார்ப்பதுதான் வழக்கம். மறுபடி பார்க்கும்போது இறங்கியிருப்பவர்கள் கணிசம். 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேர், இதே மாதிரி லேசான குறைபாடு. ஆரம்பத்தில் சராசரி 6.40. ஒரு வருடத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3.63. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 5.48-க்கு இறங்கியது. சோர்வில், மற்ற தொந்தரவுகளில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. எண் குறைந்தது, ஆள் மாறவில்லை. உங்களுக்கு 52 வயது, அதனால் அப்படியே பொருத்திவிடாதீர்கள். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் அல்லது தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி (உடம்பே தன் தைராய்டைத் தாக்க உருவாக்கும் பொருள்) இருந்தால் கணக்கு வேறு. அந்த ஆன்டிபாடி பார்த்தார்களா?

கடைசிக் கேள்வி. முடிக்கு, நகத்துக்கு என்று ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா? அதில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிகமாக இருந்தால் சில இயந்திரங்களில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்த வேண்டும். தைராய்டே கெடாதவருக்கு அதிகம் சுரக்கிறது என்று சீட்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தைராய்டு மாத்திரையே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1891-இல் ஜார்ஜ் மர்ரி என்ற ஆங்கிலேய மருத்துவர், முகம் வீங்கி, பேச்சும் அசைவும் மந்தமாகிப் போன ஒரு பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டுச் சாறை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். அந்த மாதிரி பலனைப் பார்க்க நோட்டும் வேண்டாம், 737 பேரும் வேண்டாம். தைராய்டு உண்மையிலேயே நின்றுபோனவருக்கு அதே மாத்திரை உயிர். 6.8-இல் இருப்பவருக்கு அது ஒரு கேள்வி. பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

அயோடின் சொட்டு அனுப்புகிறவருக்கு: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். அதைப்போலப் பல மடங்கு ஒரு சொட்டிலேயே உள்ள தயாரிப்புகள் இருக்கின்றன. அதிகமான அயோடின் தைராய்டைத் தூண்டாது, அடக்கிப் போட்டுவிடலாம். ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு இன்னும் மோசம்.

---

பேரேடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு வெட்கக்கேடான ஒப்புதல்.

முதல் ரத்தம் காலை ஏழேகால். இரண்டாவது வேலை முடிந்து போகும் வழியில், மாலை நாலரை. முடி கொட்டுகிறது என்று ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், பயோட்டின் 10 மில்லிகிராம். எந்த மருத்துவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதை மருந்து என்றே நினைக்கவில்லை. ஆன்டிபாடி பார்க்கவில்லை. ஆக 4.1 என்ற என் வெற்றிச் சீட்டில் மூன்று ஓட்டை. வேறு யாராவது இப்படி ஒரு பற்றுச்சீட்டை என்னிடம் கொண்டுவந்திருந்தால் மேசையைத் தாண்டவிட்டிருக்க மாட்டேன்.

ஒலியறை, நேரம் கேட்டீர்கள். நாலாவது மாதத்திலிருந்துதான் நேரம் எழுதியிருக்கிறேன். மருந்துக்குப் பிறகான 7 தடவையில் நாலு பெரிய சுற்று, ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேரம், முன்னதாகக் காது அடைப்பு. மீதி மூன்று, வலது பக்கம் புரண்டு படுத்தபோது வந்தவை. "அரை நிமிடம்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எழுதியவள் நான்தான், படிக்கவில்லை.

---

மூலிகைநம்பி எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? எனக்கு எட்டு மாதம் காது இரைச்சல். ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை நாலு மாதம் சாப்பிட்டேன், இப்போது இரைச்சல் தொந்தரவே இல்லை. அனுபவத்தைவிடப் பெரிய ஆய்வு உண்டா?

---

ஒலியறை எழுதியது:

நம்பி சார், சந்தோஷம். ஒரு கேள்வி: இப்போது அமைதியான அறையில் உட்கார்ந்து காதைக் கூர்ந்து கவனித்தால் இரைச்சல் இருக்கிறதா? என் அறையில் இதைக் கேட்டால் பாதிப் பேர் கொஞ்சம் யோசித்துவிட்டு "இருக்கிறது, ஆனால் அதைக் கவனிப்பதில்லை" என்பார்கள். அது பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்லவில்லை. இரைச்சலுக்குப் பழகுவது மூளை செய்கிற வேலை, பலருக்கு மாதக்கணக்கில் தானாக நடக்கும். நடக்காதவர்களுக்கு மனப்பயிற்சிச் சிகிச்சை தொந்தரவைக் குறைக்கிறது, அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சத்தத்தின் அளவை அது குறைக்காது. காது மந்தமும் இருந்தால் கேட்கும் கருவி உதவும். ஜின்கோவை வெற்று மாத்திரையோடு வைத்துப் பார்த்த ஆய்வுகளில் இரைச்சலுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அக்கா, அந்த அரை நிமிடச் சுற்றுதான் இந்த இழையிலேயே நல்ல செய்தி. உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால் இப்படி வரும். படுக்கவைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பித் தொங்கவிட்டால், சில வினாடி கழித்துக் கண் தானாக ஆடும். பார்க்கிறவருக்கே தெரியும், நோயாளியின் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. பிறகு தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை வெளியே உருட்டிவிடுவார்கள். ஜான் எப்ளி என்ற அமெரிக்க மருத்துவர் கண்டுபிடித்த முறை. மறுபடி சோதித்துக் கண் ஆடவில்லை என்றால் முடிந்தது. என் தொழிலில் ஒரு சிகிச்சை பலித்ததா என்று அதே மேசையில் அதே மணி நேரத்தில் தெரிகிற இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

ஆனால் ஒரு பிடி இருக்கிறது. பின்னால் வந்த 7-இல் மூன்றைக் கழித்தால் நாலுதான், மாதத்துக்கு 0.67. மருந்து திடீரென்று நல்ல பெயர் வாங்கிவிடும். முன்பக்கத்து முதல் மூன்று மாதத்தில் எத்தனை அரை நிமிடச் சுற்று கலந்திருந்தது என்று தெரியாமல் பின்பக்கத்தில் மட்டும் கழிக்காதீர்கள்.

---

பேரேடு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

இ.என்.டி. மருத்துவரிடம் நோட்டைக் கொண்டுபோனேன். படுக்கவைத்து வலது பக்கம் தலையைத் தொங்கவிட்டார். ஐந்து வினாடி ஒன்றுமில்லை, பிறகு உலகமே சுற்றியது. மெனியர் இடது காதில், துகள் வலது காதில்! தலையைத் திருப்பித் திருப்பி உட்காரவைத்தார். கால் மணி கழித்து மறுபடி தொங்கவிட்டபோது எதுவும் இல்லை. அதற்குப் பிறகு புரண்டு படுத்து ஒருமுறைகூட வரவில்லை. ஊசியைப் பற்றிக் கேட்டேன். ஸ்டீராய்டைத்தான் சொன்னாராம், மாதம் ஒன்று வருவதற்கு இப்போது வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஜெர்மன் ஆய்வைச் சொன்னபோது கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "தெரியும், ஆனால் கையில் ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப மனசு வரவில்லை" என்றார். அவர்மேல் மரியாதை கூடியது.

பொதுமருத்துவரும் அவரும் பேசி வைத்தது இது: முதலில் ஒன்றை மட்டும் தொடுவது. பீட்டாஹிஸ்டினும் உப்பும் இப்போதைக்கு அப்படியே இருக்கும். ஆன்டிபாடி இல்லை என்று வந்ததால் லிவோதைராக்ஸினை நிறுத்திப் பார்க்கிறோம். ஏன் இது முதலில் என்றால், இதற்குத்தான் ஒரு எண் இருக்கிறது. முடி மாத்திரையை மூடி வைத்தாயிற்று. இந்தத் தேதியிலிருந்து எட்டு வாரம் கழித்து, காலை ஏழேகால் மணிக்கு ரத்தம். முன்பு எடுத்த அதே கூடத்தில்.

நோட்டில் இப்போது ஐந்து கட்டம்: தேதி, எத்தனை நிமிடம், எந்தக் காது அடைத்தது, என்ன செய்துகொண்டிருந்தேன், அந்த வாரம் வேலை எவ்வளவு. ஐந்தாவது கட்டம் நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை. உப்புக்கு ஏன் தனிக் கட்டம் இல்லை என்று கேட்கிறாள். ஆறாவதாக அதையும் போட்டுவிட்டேன்.